யார் சொல்லி யார் கேட்பது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'பகுத்தறிவும் பொதுத் தொடர்பாடலும்' என்ற தலைப்பில் பேசும்படி செயற்குழு எங்களைக் கேட்டிருந்தது. எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் இந்தத் தலைப்பு கிடைத்திருந்தால் சோக்கிரட்டீசில் தொடங்கி விஞ்ஞானத்தின் விந்தைகளில் முடித்து ஒரு சோப்புப் பெட்டியைப் பரிசாக வாங்கியிருப்போம். இப்போது அப்படிப் பேச முடியாது. இந்த உரையை நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதினோம். இருவர் தோட்டப் பாடசாலை ஆசிரியைகள், ஒருவர் குடும்ப நல உத்தியோகத்தர், ஒருவர் பிரதேச செயலகமொன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர். வாசிப்பது ஒருவர்தான் என்றாலும் நால்வருக்கும் சேர்த்தே 'நாங்கள்' என்று சொல்கிறோம். எங்கள் மாவட்டத்தில் நடந்த மூன்று சம்பவங்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம். நூற்றாண்டு விழாவுக்கு ஏற்ற மங்கலமான சம்பவங்கள் அல்ல. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கிறீஸ் பூதம்.

2011 ஓகஸ்ட் மாதத்தை இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் மறந்திருக்க மாட்டீர்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஒருவன் இரவில் வருகிறான், பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறான், பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகிறான் என்று நாடு முழுவதும் பேச்சு. உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு வரும் திருடனைப் பற்றிய பழைய சிங்களக் கிராமத்துக் கதைதான் அது. அந்த வருடம் அது ஊர் ஊராகப் பரவியது. புதையல் எடுக்கப் பலி தேவையாம் என்றார்கள் சிலர். பெரிய இடத்து மந்திரவாதம் என்றார்கள் வேறு சிலர். எங்கள் மலைகளில் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகப் பயந்தார்கள். ஆண்கள் கவ்வாத்துக் கத்தியோடு இரவில் லயத்தைச் சுற்றிக் காவல் இருந்தார்கள். அந்த மாதத்திலேதான் ஹப்புத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் இரண்டு ஆண்கள் பூதம் என்ற சந்தேகத்தில் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவரைக் கூட்டம் கொன்றது. யாழ்ப்பாணத்தில் நாவாந்துறை மக்கள் மர்ம மனிதரைத் துரத்திப்போய், இராணுவத்தினரிடம் அடிபட்டு, கூட்டமாகக் கைதானார்கள்.

ஹப்புத்தளையில் செத்தவர்கள் மனிதர்கள். அவர்களைக் கொன்றவர்களும் பேய்கள் அல்லர். விடிந்ததும் பிரட்டுக்குப் போகிறவர்கள், மாரியம்மன் திருவிழாவுக்குக் காசு சேர்க்கிறவர்கள், எங்கள் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள். இதுவரை நமது சமூகத்தின் கதையை நாம் சொல்லும்போதெல்லாம் நாம் அடிபட்டவர்களாகவே வந்திருக்கிறோம். அதில் பொய்யில்லை. ஆனால் அந்த ஓகஸ்ட் மாதத்தில் கத்தி இருந்தது நம் மக்களின் கையில். இதைச் சொல்லாமல் பகுத்தறிவைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

படிக்காத சனம், மூடநம்பிக்கை, வேறென்ன என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. கொழும்பில் மட்டுமல்ல, நமது ஆசிரியர் அறைகளிலும் உண்டு. அந்த வரியை நாங்கள் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

அந்த நாட்களில் தாய் சேய் நிலையத்துக்கு வந்த பெண்கள் பேசியதை எங்களில் ஒருவர் நேரில் கேட்டிருக்கிறார். அவர்கள் முதலில் பேசியது பூதத்தைப் பற்றியல்ல. மலசலகூடம் லயத்துக்கு வெளியே இருப்பதைப் பற்றி, பாதையில் ஒரு வெளிச்சமும் இல்லாததைப் பற்றி, அந்தியில் வீடு திரும்பும்போது தேயிலைச் செடிக்குள் யாரோ நிற்பதாகத் தோன்றுவதைப் பற்றி. இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தையில் அந்தக் காலத்தில் பெண்கள் உண்மையாகவே ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அது வதந்தியல்ல. யுத்தம் முடிந்து இரண்டே வருடம். அவசரகாலச் சட்டம் அந்த ஓகஸ்ட் முடியும்வரை நடைமுறையில் இருந்தது. முறைப்பாடு செய்யப் போனால் பொலிஸ் நிலையத்தில் தமிழில் எழுதிக்கொள்ள ஆள் இருப்பாரா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இவ்வளவும் உண்மை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு யாரும் விளக்கம் தராதபோது, ஊரில் கிடைத்த ஒரே விளக்கத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பொலிசார் அறிக்கை விட்டார்களே என்று நீங்கள் கேட்கலாம். விட்டார்கள். அப்படி ஒரு பூதம் கிடையாது, வதந்தியை நம்பாதீர்கள், சட்டத்தைக் கையில் எடுக்காதீர்கள் என்றார்கள். அந்த அறிக்கையில் இருந்தது முழுவதும் சரி. ஆனால், "உனக்கு என்ன நடந்தது?" என்ற கேள்வி அதில் இல்லை. காயத்தோடு வந்த பெண்ணிடம் நீ கண்டது கனவு என்று சொல்லிவிட்டு, அவள் நம்மை நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இல்லை என்று மறுப்பது வேறு, விசாரித்துப் பார்த்தோம், கண்டது இது, காணாதது இது என்று முகத்துக்கு நேரே வந்து சொல்வது வேறு. கிறீஸ் பூத நாட்களில் இந்த இரண்டாவது காரியம் எங்கள் லயங்களில் நடந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. தோட்டத்தில் பேச்சு எப்போதும் ஒரு பக்கமாகவே ஓடியது. விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்கும், எழும்ப வேண்டும். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பார், எந்த மலைக்குப் போவது என்று சொல்வார், போக வேண்டும். ஊரை விட்டுப் போவதற்குக் கூடத் துண்டு வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. மேலிருந்து கீழே வந்ததெல்லாம் கட்டளை. கீழிருந்து மேலே போக வழி இல்லாதபடியால், கீழே உள்ளவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள், பீலிக்கரையில், கொழுந்து மடுவத்தில், கோயில் முன்றலில். அந்தப் பேச்சில் ஞானமும் இருந்தது, வதந்தியும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கருவியும் அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை.

அந்த ஒருவழிப் பாதையை மறிக்க முயன்றவர்களில் ஒரு பெண்ணை இந்தச் சபையில் நினைக்காமல் இருக்க முடியாது. கோ. நடேசய்யர் 1920களிலேயே தொழிலாளருக்காகப் பத்திரிகை நடத்தினார். ஆனால் வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரிகையால் என்ன பயன்? அவருடைய துணைவி மீனாட்சியம்மை அதே செய்திகளைப் பாட்டாக்கினார். சம்பளத்தையும் சட்டத்தையும் இந்தியர் நிலைமையையும் மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் கட்டித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு நூலாகவும் வந்தன. வெளியார் கூட்டம் போட முடியாதபடி தோட்டங்கள் அடைத்துக் கிடந்த காலத்தில் அது நடந்தது. ஊடகக் கல்வி படிக்கும் நம் பிள்ளைகள் வெளிநாட்டு ஆசிரியர்களின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள், செய்யட்டும். மீனாட்சியம்மையின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இரண்டாவது சம்பவம் மீரியபெத்த. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தத் தோட்டத்தின் லயங்கள் மீது மலை இறங்கியது. பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியவர்கள் வேலைக்கும் புறப்படும் நேரம். போய்விட்ட பிள்ளைகள் தப்பினார்கள். சிலர் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு மட்டுமே இருந்தது.

அடுத்த சில நாட்களில் எல்லோர் வாயிலும் ஒரு செய்தி. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாம், மக்களை அகற்றும்படி சொல்லியிருந்ததாம். எச்சரிக்கை உண்மைதான். உடனே கேள்வி எழுந்தது: "சொல்லியும் ஏன் போகவில்லை? இந்தச் சனத்துக்குச் சொன்னால் விளங்காதா?"

சகோதரிகளே, அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஒருமுறையாவது லயத்தில் இருந்துகொண்டு யோசித்திருக்கிறார்களா? லயக் காம்பரா தொழிலாளியின் சொத்தல்ல. தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் அது அவருக்கு. "போ" என்று சொன்னால் எங்கே போவது? மாற்றுக் காணி எங்கே? அங்கிருந்து வேலைக்கு எப்படி வருவது? பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்? எச்சரித்தோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். மாற்றிடம் தரப்படவில்லை என்று மக்கள் சொன்னார்கள். இரண்டு பேச்சும் ஒன்றையொன்று தொடவேயில்லை. மழை பெய்யும் ஒவ்வொரு இரவும் மலையைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு ஒன்றும் நடக்காது என்று படுத்துக்கொள்வது அறியாமை அல்ல. வேறு வழி இல்லாதவர் செய்யக்கூடிய கணக்கு அது ஒன்றுதான். போவதற்கு ஓர் இடத்தையும் காட்டாத எச்சரிக்கை, கேட்பவரிடம் பயத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. பயத்தோடு பத்து வருடம் வாழ முடியாது. மனம் அதை மழுங்கடித்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் மழை அளக்கப்படுகிறது. உரம் போடுவதற்கும் கொழுந்து வரவைக் கணிப்பதற்கும் அந்தக் கணக்கு தேவை. இன்று இத்தனை அங்குலம் என்று கந்தோர்ப் புத்தகத்தில் எழுதுவது வெள்ளைக்காரத் துரை காலத்து வழக்கம். அந்த எண், தேயிலைச் செடிக்காகக் கந்தோரில் இருந்தது. செடிக்குக் கீழே லயத்தில் படுத்திருந்தவர்களுக்கு அதை வாசித்துச் சொல்வது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

சரிவுக்குப் பிறகும் தொடர்பாடல் சரியவே செய்தது. முதல் நாட்களில் நூறு பேருக்கு மேல் என்றார்கள், இருநூறு என்றார்கள், முந்நூறு என்றும் செய்தி வந்தது. உலகத் தொலைக்காட்சிகள் அதை ஓட்டின. கனடாவிலும் இலண்டனிலும் இருந்த நம் தோழிகள் இரவிரவாக எங்களுக்குத் தொலைபேசி எடுத்து அழுதார்கள். கிராம அலுவலகத்தில் இருந்த பதிவேடுகளும் மண்ணுக்குள் போய்விட்டன. பாடசாலைக்கும் வேலைக்கும் போயிருந்தவர்கள் பலர் காணாமற் போனோர் கணக்கில் சேர்ந்திருந்தார்கள். கடைசியில் உத்தியோகபூர்வமாகச் சொல்லப்பட்ட தொகை, இறந்தோரும் காணாமற் போனோருமாக 37. எண் குறைந்ததும் என்ன நடந்தது தெரியுமா? உண்மையை மறைக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், அவர்களுடைய பெயர் என்ன என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத நிலையில், கூடிய எண்ணும் வதந்திபோல ஒலித்தது, குறைந்த எண்ணும் வதந்திபோல ஒலித்தது. எஞ்சிய குடும்பங்கள் மாக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்த பிறகே புது வீடுகளுக்குப் போனார்கள். அந்தத் தொழிற்சாலையில் உலாவிய வதந்திகளைத் தனியாக ஒரு புத்தகமாக எழுதலாம்.

மூன்றாவது சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அதை விரித்துப் பேச எங்களுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. 2000 ஒக்டோபர் 25 காலை, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். முதல்நாள் மாலை முகாமுக்குள் அதிகாரிகளோடு ஒரு சச்சரவு. இரவோடிரவாகச் சுற்றுப்புறத்தில் சுவரொட்டிகள். காலையில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஆயுதம் தாங்கிய பொலிசார் ஏறத்தாழ அறுபது பேர் அங்கே நின்றார்கள். 27 தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். 2003இல் நீதிமன்றம் ஐவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. 2005 மே மாதத்தோடு அவர்கள் அனைவரும் விடுதலையாகிவிட்டார்கள்.

இந்த மூன்றையும் ஏன் ஒன்றாக வைக்கிறோம்? ஹப்புத்தளையில் கூடியவர்களும் பிந்துனுவெவவில் கூடியவர்களும் ஒரே மாதிரியானவர்கள் என்று சொல்வதற்கல்ல. பின்னதில் திட்டமிட்ட கை இருந்தது, அரசின் காவலில் இருந்தவர்கள் செத்தார்கள். ஆனால் சாதாரண ஆட்கள் சாதாரண காலையில் எப்படிக் கொலைக்காரக் கூட்டமாகிறார்கள் என்று பார்த்தால், இரண்டு இடத்திலும் ஒரே வெற்றிடம் தெரிகிறது. முதல்நாள் இரவில், நடந்தது இதுதான், உங்களுக்கு ஆபத்தில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அந்த ஊருக்குத் தெரிந்த, ஊர் நம்பும் ஒருவர் அந்த ஊர்ப் பாஷையில் பேசவில்லை. கோயில் ஐயர் பேசவில்லை, பன்சலை ஹாமுதுருவோ பாடசாலை அதிபரோ தொழிற்சங்கத் தலைவரோ பேசவில்லை. 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை, கொழும்புக்குப் புலிகள் வந்துவிட்டார்கள் என்ற ஒரு பொய் நகரம் முழுவதையும் ஓட வைத்ததும், ஓட்டம் நின்றதும் தமிழர்மீது மீண்டும் கொலை விழுந்ததும் நினைவிருக்கும். அதற்கு இரண்டு நாள் முந்தித்தான் நம் பதுளை நகரம் எரிந்திருந்தது. அப்போது கைத்தொலைபேசி இல்லை, இணையம் இல்லை. வதந்திக்கு அவை தேவைப்படவில்லை.

இப்போது அவையும் வந்துவிட்டன. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது பேஸ்புக்கில் ஓடிய வெறுப்பைத் தடுக்க அரசாங்கம் சமூக ஊடகங்களையே சில நாட்கள் மூடியது. அதில் தன் பங்குக்காக அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். அதே 2018இல் தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிப்போன ஒரு முதிய பெண்மணி வழியில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஊர் அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகள் முன்கூட்டியே அந்த ஊரைப் பயமுறுத்தி வைத்திருந்தன. ஹப்புத்தளைக் கதையேதான். வெளிச்சமில்லாத பாதைக்குப் பதில் ஒளிரும் திரை.

வெளிநாட்டில் இருக்கும் நம் தோழிகளிடம் ஒரு வார்த்தை, கோபிக்காமல் கேளுங்கள். நமது வகுப்புக் குழுக்களில் மழைக்காலத்தில் வரும் செய்திகளில் பாதிக்கு மேல் உங்களிடமிருந்தே வருகின்றன. எல்லவில் பாலம் போய்விட்டதாம், லுணுகலையில் மலை வெடித்திருக்கிறதாம். அக்கறையால்தான் அனுப்புகிறீர்கள், அது எங்களுக்குத் தெரியும். ஆனால் நாங்கள் அந்தப் பாலத்துக்கு மேல் பஸ்ஸில் போய்க்கொண்டே அதை வாசிக்கிறோம். அனுப்புவதற்கு முன் இங்கே ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒருத்தியாவது எழும்பியிருப்பாள்.

இனி, எங்களால் என்ன முடியும் என்ற விஷயம். தமிழ் 1987 தொடக்கம் அரசகரும மொழி. 1999இல் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் வர்த்தமானி மூலம் இருமொழிப் பிரிவுகளாக்கப்பட்டன. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அனர்த்த அறிவித்தல் சிங்களத்தில் வந்து, அதை மொழிபெயர்க்க ஆள் தேடி, தமிழில் வரும்போது மழை விட்டுவிடுகிறது. நம்மில் ஒருவர் அந்த மேசையில் இருக்கிறார், சிரித்துக்கொண்டே இதை எழுதினார், சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

மண்சரிவு எச்சரிக்கைக்கு எளிமையான எண்கள் இருக்கின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறிவிட வேண்டும். மழைமானி என்பது பெரிய யந்திரம் அல்ல. அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள ஒரு பாத்திரம், ஒரு அடிமட்டம். ஆறாம் வகுப்புப் பிள்ளை அளப்பாள். எங்களில் இருவர் தங்கள் பாடசாலைகளில் பிள்ளைகளை வைத்து அளந்து, கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வருகிறோம். முதல் மாதம் பெற்றோர் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் மாதம் ஒரு தகப்பனார், "நேத்து எழுபத்தாறுன்னு எழுதியிருக்கீங்களே டீச்சர், நம்ம லயத்துக் கிட்ட இன்னும் கூடத்தான் பேஞ்சிச்சு, அங்கயும் ஒண்ணு வச்சுப் பாப்பமா?" என்று கேட்டார். தன் கண்ணால் பார்த்ததை வைத்துக்கொண்டு எங்கள் எண்ணைத் திருத்த வந்த அந்த மனிதரைத்தான் இந்த உரையில் மிக முக்கியமானவராக நாங்கள் நினைக்கிறோம். அந்த இரண்டாவது மழைமானியை அவருடைய மகள் இப்போது பார்த்துக்கொள்கிறாள்.

அளந்து மட்டும் என்ன செய்வது, போக இடம் வேண்டுமே என்பீர்கள். வேண்டும். காணியும் வீடும் கேட்பதை நாம் நிறுத்தப் போவதில்லை. ஆனால், கேட்கப் போகும்போது கையில் மூன்று வருட மழைக்கணக்கும், லயத்தில் இருப்போரின் பெயர்ப் பட்டியலும் இருந்தால், பேச்சு வேறு மாதிரி நடக்கும் என்பது பிரதேச செயலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் அனுபவம்.

செயற்குழுவின் அனுமதியோடு மண்டபத்து வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. ஒன்று, சிங்களத்தில் வரும் அறிவித்தலை இரவு எந்த நேரத்திலும் தமிழாக்கித் தரக்கூடியவர்கள் பெயர் எழுதுவதற்கு, நேர வித்தியாசம் காரணமாக இதில் கனடாக்காரர்களுக்கு முன்னுரிமை. மற்றது, மழைமானி வைக்க விரும்பும் தோட்டப் பாடசாலைகளுக்கு. டிவிசன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், ஒரே தோட்டத்தில் மேல்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் மழை வேறு. தேநீர் இடைவேளை முடியும்வரை எங்களில் இருவர் அங்கே இருப்போம்.